ரங்கூன் துறைமுகத்தில் மாமா

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இடையே சொத்துத் தகராறு கிடையாது, சினிமாத் தகராறுதான். தமிழ் பேசும் படம் வந்தபிறகு வெள்ளைக்காரன் படத்தை எவன் பார்ப்பான் என்பார் பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா. உலகம் முழுக்க ஓடுவது அமெரிக்காக்காரன் படம்தான், நம் படம் வைகைப் பாலத்தைக்கூடத் தாண்டாது என்பார் சித்தப்பா. எட்டு வயதுப் பெண்ணான நான் ஒன்றும் புரியாமலே சித்தப்பா கட்சி. முறுக்கு வாங்கித் தருவது அவர்தானே.

அம்மா எந்தக் கட்சியிலும் இல்லை. ஒரு சனிக்கிழமை சித்தப்பா அம்மாவையும் என்னையும் கோரிப்பாளையம் பக்கத்துக் கொட்டகைக்கு மத்தியான ஆட்டம் பார்க்க அழைத்துப் போனார். அமெரிக்கப் படம். பெண்கள் பகுதியைப் பிரித்த தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, அவ்வப்போது எங்களுக்குக் கதை சொன்னார். "இது ரங்கூன் துறைமுகம் மதினி" என்று அவர் சொன்ன நேரம், திரையில் மூட்டை சுமக்கும் கூட்டத்தில் ஒருவன் நின்றான். இடது கையால் தலைத்துண்டை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"எங்க அண்ணேடி" என்றாள்.

அம்மாவுக்கு ஒரே அண்ணன். நான் பிறந்த வருஷம் அரிசி மில் வேலைக்கு ரங்கூன் போனவர். இரண்டு வருஷம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. வெளியே வந்ததும், அது தன் அண்ணன்தானா என்று அம்மா சித்தப்பாவிடம் கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கும் மதினி. அமெரிக்காக்காரன் படம் புடிக்கிற மிசினு போகாத ஊரு உண்டா?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அம்மா விடிந்ததும் பணியாரம் சுட்டாள். கூடப்பிறந்தவனைப் பார்க்க வெறுங்கையோடு போவதா? தூக்குச்சட்டியோடு கிளம்பியவளை அப்பா வாசல்வரை வந்து பார்த்தார். திரையில் மாமா வந்து போனதும், பக்கத்தில் இருந்த பெண்களுக்கெல்லாம் அம்மா பணியாரத்தை எடுத்து நீட்டினாள். "எங்க அண்ணே வந்துருக்காரு, எடுத்துக்கங்க." அவர்களும் வாங்கித் தின்றார்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனோம்.

அந்த வாரம் அப்பாவிடம் சினிமா வாதத்தில் தோற்ற கடுப்பில் சித்தப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். அமெரிக்காக்காரன் ரங்கூனுக்கே போகவேண்டியதில்லையாம். ஒரே காம்பவுண்டுக்குள் கடல், கப்பல், துறைமுகம் எல்லாம் கட்டிவிடுவானாம். அவன் ஊர் ஆட்களே கறுப்புச் சாயம் பூசி மூட்டை சுமப்பார்களாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நேரே அடுப்படிக்கு ஓடி, மாவு கரைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"அம்புட்டுப் பேருமா சாயம் பூசுன ஆளுக?"

"ஆமாம்மா."

"நம்மாளு ஒருத்தருகூட இல்லையா?"

"ஒருத்தருகூட இல்ல" என்றேன், நானே கூட நின்று பூசிவிட்டவள் மாதிரி.

அம்மா மாவை மூடி வைத்தாள். மறுநாள் சனிக்கிழமை. நான் பாவாடை மாற்றிக்கொண்டு நின்றேன். "தலை வலிக்குது, நீ சித்தப்பாகூடப் போ" என்றாள். ஒரே படத்தை எத்தனை தடவை பார்ப்பாள், சலித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அமெரிக்காக்காரன் எம்புட்டுப் பெரிய ஆள் என்று அம்மாவுக்கே புரியவைத்துவிட்ட குஷியில் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

படம் அதன்பிறகும் இரண்டு வாரம் ஓடியது. அவள் தன் அண்ணனை இன்னும் மூன்று தடவை பார்த்திருப்பாள். அதைக் கெடுத்தது நான்தான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.