கரகரப்பு

ஈயம் பற்றவைக்கும் புகை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்கு முகம் வேர்த்துவிடுகிறது. பதினாறு வயதில், அரியலூரில், கிட்டாரைக் கரகரவென்று உறும வைக்க ஒரு சின்ன சர்க்யூட் கட்டினேன். பழைய ரேடியோவில் பிடுங்கிய இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி. முதலில் ஊமையாகக் கிடந்தது. ஒன்றின் கால்களை இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தேன். சரிசெய்தால் 'ஙொய்ங்' என்று ஓயாத இரைச்சல். முதலில் வைத்திருந்த பிளாஸ்டிக் சோப்பு டப்பாவிலிருந்து எடுத்துத் தகரப் பல்பொடி டப்பாவுக்குள் வைத்து, எர்த் கம்பியைத் தகரத்தோடு சேர்த்த பிறகுதான் இரைச்சல் அடங்கி உறுமல் மட்டும் மிஞ்சியது.

மீன்சுருட்டியில் ஒரு காதுகுத்துக்கு எங்கள் பாட்டுக் குழு போயிருந்தது. மைக்செட்டு செல்வராசு அண்ணனுடையது. எந்தக் குழாய் ஸ்பீக்கரில் கம்பி தளர்ந்திருக்கிறது என்பதைத் தெருமுனையில் நின்றே காதால் சொல்லிவிடுகிற மனிதர். "கிட்டார நேரா என் ஆம்ப்ளிஃபயர்ல சொருவு, நடுவுல ஒண்ணும் வரக்கூடாது" என்பது அவர் சட்டம். டப்பாவை ஜமுக்காளத்துக்கு அடியில் ஒளித்துவைத்து, முதல் பாட்டிலேயே அதன் சுவிட்சைக் காலால் அமுக்கினேன்.

"யோவ் செல்வராசு, புள்ளைக்குக் காது குத்தறதுக்குள்ள எங்க காதக் குத்திப்புட்டியே!" என்றார் தாய்மாமன். பந்தலே சிரித்தது.

"லூசு கனெக்‌ஷன்தாங்க, ரெண்டே நிமிசம்" என்று அண்ணன் கம்பத்தில் ஏறினார். பயந்துபோய் நான் அணைத்துவிட்டேன். சத்தம் தெளிந்தது, அவர் நிம்மதியாக இறங்கினார். அதோடு நான் விட்டிருக்கலாம். அடுத்த பாட்டில், ஆசை அடங்காமல், மறுபடியும் அமுக்கினேன்.

ஆம்ப்ளிஃபயரையே பிரித்துப் பார்த்தவர், வேர்த்த முகத்தோடு என்னிடம்தான் வந்தார். "என் காதுக்கு ஒண்ணுமே புடிபடலையே தம்பி."

"செட்டு பழசாயிடுச்சுண்ணே" என்றேன்.

அந்த வருடம் அவ்வூர்த் திருவிழாவுக்குப் பெரம்பலூரிலிருந்து வேறு செட்டு வந்தது. அதன் பிறகு அண்ணன் எங்கே குழாய் கட்டினாலும், போகிற வருகிறவர்களை நிறுத்தி, "சரியாக் கேக்குதாங்க?" என்று விசாரிக்கத் தொடங்கினார்.

இப்போது அந்த உறுமல் கைப்பேசியில் விரல் வைத்தால் வருகிறது. குழாய்கள் போய்ப் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. போன மாதம் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, டப்பா, ஜமுக்காளம், இரண்டாம் தடவை அமுக்கியது எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "வயசாயிப் போச்சு, காது சுத்தமா மந்தம் தம்பி. வூட்ல எல்லாரும் சௌக்கியமா?"

உரக்கச் சொல்லியிருந்தால் கேட்டிருக்கும். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். "சௌக்கியம்ண்ணே" என்று மட்டும் உரக்கச் சொன்னேன்.