நாத்தனாரும் நானும் செய்யப்போன சமாதானம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஷார்ஜா முவைலாவிலிருந்து அபுதாபிக்குப் போனோம். அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் பழைய ஐரோப்பிய அரசர்களைப் பற்றிய கண்காட்சி. நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். ஆனாலும் கண்காட்சி ஒரு சாக்குதான். என் கணவரும், அபுதாபியில் இருக்கும் அவர் தங்கை செல்வியின் கணவரும் நாலு வருடமாகப் பேசுவதில்லை. செல்வி மகளுக்குத் திருநெல்வேலியில் சடங்கு வைத்தபோது என்னவருக்கு லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் இல்லாமலே நடத்திவிட்டார்கள். அண்ணன் தங்கை பேச்சும் அத்தோடு நின்றது. நானும் செல்வியும் மட்டும் தினமும் போனில் பேசிக்கொள்வோம். வாய்விட்டுப் பேச எனக்கு இங்கே வேறு ஆளில்லை.

எமிரேட்ஸ் ரோட்டைப் பிடித்தால் துபாயின் சாலிக் சுங்கக் கட்டணம் மிச்சம். சுமார் 150 கிலோமீட்டர். எட்டரைக்குக் கிளம்பி, பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். டிக்கெட் ஆளுக்கு 63 திர்ஹம். செல்வியும் அவள் கணவரும் வாசலில் நின்றார்கள். ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உள்ளே நடந்தார்கள்.

ஒரு கூடத்தில் இரண்டு பெண்களின் படங்கள். பிரெஞ்சு மன்னர் பிரான்சிஸும் பேரரசர் சார்லஸும் வருடக்கணக்காகச் சண்டை போட்டு ஓய்ந்தபோது, யார் முதலில் இறங்கி வருவது என்ற வீம்பு மட்டும் ஓயவில்லை. 1529இல் பிரான்சிஸின் அம்மாவும் சார்லஸின் அத்தையும் கம்பிரே என்ற ஊரில் உட்கார்ந்து பேசிச் சமாதானத்தை முடித்தார்கள். அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் யார் தெரியுமா? நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும்! செல்வி என் கையைக் கிள்ளினாள்.

“மைனி, அவங்களே முடிச்சிட்டாங்க. நம்மளால முடியாதா?”

காபி கடையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தோம். டீ இருபத்தைந்து திர்ஹம், அநியாயம். டீ ஆறியதும் என்னவர் ஆரம்பித்தார்.

“என்னவோ சொல்லணும்னு வரச் சொன்னீராம். சொல்லும்.”

“நானா?” என்றார் செல்வியின் கணவர். “நீங்கதான மன்னிப்பு கேக்கப் போறதா செல்வி சொன்னா?”

இருவரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். எப்படியாவது வரவழைக்க வேண்டுமே என்று நானும் செல்வியும் சேர்ந்து போட்ட திட்டம் அது. அடுத்தவர்தான் இறங்கி வருகிறார் என்று அவரவர் வீட்டில் சொல்லியிருந்தோம். நேரில் பார்த்தால் மனது இளகிவிடும் என்று நம்பினோம்.

“எல்லாம் இதுக ரெண்டும் போன்ல பேசிப் பேசிச் செய்யுற வேல” என்றார் என்னவர்.

“ஆமா மச்சான். இனிமே இதுக போன் பேச்சே வேண்டாம். கலாஸ், முடிஞ்சுது.”

நாலு வருடத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து ‘மச்சான்’ வந்தது. என்னவரும் தலையை ஆட்டினார். செல்வி அழுதாள். நான் அழக்கூட இல்லை, அப்படி வெறுத்துப் போயிருந்தது.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் கூட்டம். கண்காட்சி நன்றாகத்தான் இருக்கிறது. கூட வருகிறவர்களிடம் எதற்காகப் போகிறோம் என்பதை மட்டும் மறைக்காதீர்கள். கம்பிரே சமாதானம் ஏழு வருடத்தில் உடைந்து, அரசர்கள் மறுபடி போருக்குப் போனார்கள். எங்கள் வீட்டு ஆண்கள் அப்படியில்லை. செல்வியும் நானும் பேசக் கூடாது என்று அன்று போட்ட ஒப்பந்தத்தை இரண்டு பேரும் இன்றுவரை ஒழுங்காகக் காப்பாற்றுகிறார்கள்.