நைனாவின் கட்டத்தில் எழுதிய பெயர்

பர்மிங்காமில் யாரும் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஃபோர்மேன், வீட்டுக்காரி, பால்காரன் எல்லோருக்கும் நான் 'மிஸ்டர் மரியதாஸ்'. பாஸ்போர்ட்டில் அப்பன் பெயர் என்று இருப்பது அது. ராயபுரத்தில் ஒருவனுடைய அப்பன் பெயரைத் தெருவில் நின்று கத்தினால் அடிதடிதான். இங்கே அதுதான் மரியாதையாம். தொலையட்டும். ஆனால் மரியதாஸ் என் அப்பன் பெயரே இல்லை.

பிறக்கப்போகும் என் குழந்தைக்கும் அந்தப் பெயர்தான் ஒட்டும் என்று தெரிந்ததும், நூலகத்தில் நடந்த வம்சாவளி வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். பாடம் நடத்திய வெள்ளைக்கார அம்மாள் கட்டம் போட்ட தாளைக் கொடுத்தாள். "உங்களிடமிருந்து தொடங்குங்கள். அடுத்து அப்பா, பிறகு தாத்தா. அத்தாட்சி இல்லாததை எழுதாதீர்கள்" என்றாள். நைனாவின் கட்டத்தில் சூசை என்று எழுதினேன். என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சூசை என்பது வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரா?" என்று சிரித்தாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. அவளுக்குத் துறைமுகத்தை எப்படி விளக்குவது?

நைனா மாதக்கணக்கில் துறைமுக வாசலில் வேலைக்குக் காத்து நின்றவர். ஒருநாள் மரியதாஸ் என்ற மூட்டை தூக்குகிறவர் கப்பலின் அடித்தட்டில் விழுந்து செத்தார். கான்ட்ராக்டரின் ஏட்டில் மட்டும் அவர் சாகவில்லை. மறுநாள் காலை மேஸ்திரி அவருடைய பெயர் பொறித்த பித்தளை வில்லையை நைனாவின் கையில் திணித்து, "இன்னிலேர்ந்து நீதான் மரியதாஸ். பேரு கூப்ட்டா பிரசன்ட்னு சொல்லிக்கினு உள்ள போ. பேஜாரு பண்ணாத" என்றான். நைனா பதினெட்டு வருடம் அப்படியே சொன்னார். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்காகப் பள்ளியில் அப்பாவின் வேலைச் சான்றைக் கேட்டபோது அந்தப் பெயர் என் தலையிலும் ஏறி உட்கார்ந்தது. மேஸ்திரிமேல் எனக்குள்ள ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. வாய் திறக்காத நைனாமேலும்தான்.

கல்லறைத் திருநாளில் அம்மா எங்களை முதலில் மரியதாஸின் குழிக்குத்தான் கூட்டிப்போவாள். "இவருக்கு மொதல்ல மெழுவத்தி ஏத்துடா. இவரு பேர்லதான் நம்ம வூட்ல ஒல கொதிக்குது" என்பாள். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர், வேறு யாரும் அங்கே வரமாட்டார்கள். நைனா செத்தபோது கான்ட்ராக்டர் அனுப்பிய மாலையிலும் மரியதாஸ் என்றே எழுதியிருந்தது. அதைப் பிய்த்து எறிந்தேன். அம்மா என்னைத்தான் திட்டினாள். "அந்த மனுசன் இன்னாடா பாவம் பண்ணாரு?"

வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். அவள் கோயில் ஆபீசுக்கு நாலு தடவை நடந்து, என் ஞானஸ்நானப் பதிவின் நகலை வாங்கி அனுப்பினாள். தகப்பன் பெயர் சூசை என்று தெளிவாக இருந்தது. அதைப் பார்த்து அழுதுவிட்டேன். மகன் பிறந்த வாரமே அதைத் தூக்கிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு ஓடினேன். எழுத்தர் அதையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இதில் மரியதாஸ் என்ற பெயரே இல்லையே. இது வேறு யாருடையதோ. தவறுதலாக உங்களுக்கு அனுப்பிவிட்டார்கள் போல" என்று அன்பாகத் திருப்பித் தந்தார்.

"அது நான்தான்யா!" என்று தமிழில் கத்தினேன்.

எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு பாஸ்போர்ட்டைப் பார்த்து, அழகான கையெழுத்தில், என் மகனின் பெயருக்குப் பின்னால் மரியதாஸ் என்று எழுதி முடித்தார்.

பிள்ளையில்லாமல் ராயபுரத்தில் புதைந்து கிடக்கும் மனிதருக்கு இங்கே ஒரு பேரன் பிறந்திருக்கிறான். என் நைனா சூசைக்குத்தான், காகிதத்தில், யாருமே இல்லை.