மாத்திரை மேல இருந்த இனிப்பு

"அத்தே, வைட்டமின் மாத்திரைய முழுங்கச் சொன்னா, சப்பிக்கிட்டு இருக்கீங்களே!"ன்னு மருமக வைஞ்சா. நாக்குல இனிப்பு பட்டதும் மனசு நான் பொறந்த மலைக்கிராமம் கிளாவரைக்குப் போயிருச்சு.

அப்ப எனக்கு எட்டு வயசு. ஊரே ஃபுளூ காய்ச்சல்ல கெடந்துச்சு. அப்பா தைலமர இலைய வேகவச்சு எல்லாரையும் ஆவி பிடிக்க வச்சாரு. கொடைக்கானல்லருந்து வந்த நர்சம்மா, என் தங்கச்சி பொன்னிக்குச் செவப்பு வைட்டமின் மாத்திரை குடுத்துட்டு, "வெரசா எந்திரிச்சிருவா"ன்னாங்க.

அம்மாவும் படுத்துட்டதால மாத்திரை குடுக்குறது என் சோலி. உள்ள இருக்குற மருந்துதான அவளுக்கு, மேல இருக்குற இனிப்பு எனக்குன்னு நானே தீர்ப்பு சொல்லிக்கிட்டேன். சப்பிட்டு, மிச்சத்த அவ வாயில வைப்பேன்.

"கசக்குதுக்கா."

"மருந்துன்னா கசக்கும்டி, முழுங்கு."

நாலாம் நாள் வெள்ளனே எழுப்புனேன், பொன்னி எந்திரிக்கல.

போன வாரம் டாக்டர்கிட்ட கேட்டேன், "ஏங்க, வைட்டமின் மாத்திரை ஃபுளூவுல போற உசுர நிறுத்துமா?"

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க பாட்டி."

"மேல இருக்குற இனிப்புல ஏதும் மருந்து உண்டா?"

அவரு சிரிச்சிட்டாரு. நான் எப்பவும் கேலி பேசுற கெழவிதான.

இந்த மாத்திரையிலயும் இனிப்பு தீந்துருச்சு. "கசக்குது தாயி"ன்னேன்.

"மருந்துன்னா கசக்கும் அத்தே, முழுங்குங்க"ன்னு மருமக தண்ணிய நீட்டுறா.