ஒன்பது எட்டு

உள்ளறையில் சரக்கென்று டேப் சுருண்டுகொள்ளும் சத்தம் கேட்டது. புது அலமாரிக்காகக் கணவர் சுவரை அளந்துகொண்டிருந்தார். முன்னறையில் அவள், வந்தவருக்குத் தண்ணீர் நீட்டினாள்.

அவள் நகராட்சியில் எழுத்தர். பதினாறு வருடமாகக் கைப்பையில் டேப்போடு அலைவதால் ஊருக்கே ‘டேப் அக்கா’. எந்தத் தெருவில் வண்டி நிறுத்தலாம், எங்கே கூடாது என்று தீர்மானிப்பது நகராட்சி மன்றம். அந்தத் தீர்மானம் நிற்பது அவள் எழுதும் அளவுகளின் மேல்.

வந்தவர் டாக்சி டிரைவர். அவர் தெருவின் இடப்பக்கம் முழுக்க வண்டி நிறுத்தத் தடை வரப்போகிறது என்று மூன்று வாரம் முன்பு கம்பத்தில் அறிவிப்பு ஒட்டியதும் அவள்தான்.

“எங்க வாசலை மட்டும் விட்டுடச் சொல்லுங்க மேடம். வீட்டுக்காரிக்கு ஒரு பக்கம் கை கால் வரலை. வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய்தான் வண்டில ஏத்துறேன். தெருமுனை வரைக்கும் எப்படித் தூக்குவேன்?”

“மேடம்னு சொன்னா இன்னும் ரெண்டு மஞ்சக் கோடு சேத்துப் போடுவா, ஜாக்கிரதை,” என்றது உள்ளறை.

அவள் சிரிக்கவில்லை. ஒரு மழை நாளில் அம்மாவுக்கு மூச்சு திணறியபோது, இருபுறமும் நின்ற வண்டிகளைத் தாண்ட முடியாமல் ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. நாற்காலியில் வைத்து அம்மாவைச் சுமந்தார்கள். பாதி வழியில், அவள் தோளைப் பற்றியிருந்த அம்மாவின் கை நழுவியது. அன்றிலிருந்து, வண்டி நிறுத்தத் தடை சொல்லும் மஞ்சள் கோடு அவளுக்குச் சாமி.

“உங்க வாசல்ல ரோடு எவ்வளவு அகலம்ணே?”

“அடிக்கணக்கு தெரியாது. படிலேர்ந்து கார் கதவுக்கு ஒம்பது எட்டு. அவளைத் தூக்கிட்டு எண்ணிக்கிட்டே போவேன். கார் நின்னாலும் லாரி தாராளமாப் போகும். எங்க மதிலை உள்ள தள்ளியில்ல கட்டியிருக்கு.”

முனை, நடு, கடைசி என்று மூன்றே இடத்தில் அளப்பது ஆபீஸ் வழக்கம். அந்த மதில் நடுவுக்கும் கடைசிக்கும் இடையில். பார்த்தும் பார்க்காமல் நடந்திருக்கிறாள்.

“இதை எழுதிக் குடுத்தீங்களா?”

“கவுன்சிலர்கிட்ட சொன்னேன், உங்க ஆபீஸ் வாட்ச்மேன்கிட்டகூடச் சொன்னேன்.”

“வாயால சொன்னது ஃபைல்ல ஏறாதுண்ணே. எழுத்துல ஆட்சேபணை வந்தா மன்றம் அதைப் பார்த்தே ஆகணும். நாளைக்கு அஞ்சு மணியோட கெடு முடியுது.”

தாளை வைத்தாள். அவர் மெல்ல எழுதிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

“அளந்தது சரியில்லன்னு எழுதினா உங்களுக்குல்ல கெட்ட பேரு?”

“எழுதுங்க. என் பேரு அவங்களைத் தூக்கிட்டுப் போகாது.”

உள்ளே போய், கணவர் கையிலிருந்த டேப்பை வாங்கி வந்து அவரிடம் கொடுத்தாள். “அகலத்தை அளந்து எழுதிட்டு வாங்க. நாளைக்கு ஆபீஸ் கவுண்டர்ல இருப்பேன். அப்புறம் நானே வந்து மறுபடி அளக்குறேன்.”

“அப்போ என் அலமாரி?” என்றார் கணவர்.

டிரைவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, அதன் மேல் கையை அழுத்திக்கொண்டார். “வரேன் தங்கச்சி.”

அவர் படியிறங்கும் வரை பார்த்திருந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.