எங்கள் கடைத் திண்டை உடைத்த அண்ணி

எங்கள் அண்ணியிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. நகராட்சியில் இன்ஜினியர். அண்ணனைக் கட்டிக்கொண்டு அவர் இந்த ஊருக்கு வந்தபோது கடைத்தெரு ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. பழைய நீதிமன்றக் கட்டடத்தில் புறாக்கள் குடித்தனம் நடத்தின. வாய்க்கால் கரையில் மூக்கைப் பொத்தாமல் யாரும் நடந்ததில்லை.

"இந்த மூணையும் ஒரே நடைபாதையில கோத்துட்டா ஊரு எந்திரிச்சிடும்" என்றார். எங்கள் செருப்புக் கடையில் உட்கார்ந்து அதைக் கேட்டவர்களில் முதலில் சிரித்தவன் நான்தான்.

சிரித்த வாயை மூட வைத்தார். வரைபடம் போடும் முன்பே வாளியில் சுண்ணாம்புத் தூளோடு கிளம்பி, ஜனங்கள் எங்கே நடந்து தடம் விழுந்திருக்கிறதோ அங்கே கோடு போடுவார். அந்தக் கோட்டின் மேல்தான் பாதை. கரை சுத்தமானது. நீதிமன்றம் நூலகமானது. புறாக்கள்கூட மரியாதையாக மாடத்துக்கு மாறிவிட்டன.

கரையோரம் போட்ட பெஞ்சுகளில்தான் கோட்டை விட்டார். எல்லாவற்றையும் வாய்க்காலைப் பார்த்துப் போட்டுவிட்டார். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரில் என்ன இருக்கிறது? யார் யாரோடு போகிறார்கள் என்பதல்லவா காட்சி! சாய்மானத்துக்கு அடியில் காலை விட்டு, பாதையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணி ஒரு சாயங்காலம் முழுக்க அங்கேயே நின்று பார்த்தார். "தப்பு என்னோடதுதான் தம்பி" என்றவர், அத்தனை பெஞ்சையும் பெயர்த்துத் திருப்பிப் போட வைத்தார். ஒரு அதிகாரி வாயில் அப்படியொரு வார்த்தையை நான் அன்றுதான் கேட்டேன்.

அடுத்தது கடைத்தெரு. மழை பெய்தால் தெருவே குளம். தண்ணீர் உள்ளே வராமலிருக்க ஒவ்வொரு கடைக்காரரும் நடைபாதையை மறித்துத் திண்டு கட்டியிருந்தோம். வாடிக்கையாளர் அதில் ஏறி, மறுபக்கம் இறங்கித்தான் உள்ளே வர வேண்டும். திண்டுகளை எடுத்துவிட்டு, அடியில் வடிகாலும் மேலே மட்டமான நடைபாதையும் போடுவது அண்ணியின் திட்டம். முதல் வெள்ளைக்கோடு எங்கள் வாசலில் விழுந்தது.

"அண்ணி, தண்ணி வந்துச்சுன்னா சரக்கு மொத்தமும் மிதக்கும். கடையே போயிடும்."

"வராது தம்பி."

"அப்ப எதிர்க்கடையில ஆரம்பிங்களேன்!"

"இல்ல. முதல்ல நம்மளுதுதான்."

அண்ணனிடம் முறையிட்டேன். "நான் கேட்டா வீட்டுக்குள்ள விடமாட்டாடா" என்று நழுவினான். எனக்குப் புரிந்துவிட்டது. சொந்தக்காரன் என்றும் பார்க்காதவர் என்று பெயர் வாங்க எங்கள் வயிற்றில் அடிக்கிறார். திண்டு உடைந்த அன்றோடு அண்ணியிடம் பேச்சை நிறுத்தினேன்.

நூலகத்துப் பக்கமிருந்து நடந்து வருகிறவர்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள் எல்லாம் நேரே கடைக்குள் நுழைய ஆரம்பித்தார்கள். வியாபாரம் சூடு பிடித்தது. அதை அவரிடம் போய்ச் சொல்வேனா? ஆனால் மேகம் கறுத்தால் போதும், வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்ப்பேன்.

ஒரு மத்தியானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. நானும் மனைவியும் பெட்டிகளை மேல் அலமாரிக்கு ஏற்றினோம். தண்ணீர் வாசல்வரை வந்துவிட்டது. எட்டிப் பார்த்தால், தெருவில் மழைக்கோட்டோடு அண்ணி. முட்டி போட்டு, வடிகால் கம்பிகளில் அடைத்த இலையையும் பாலிதீனையும் வெறுங்கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார். 'களக் களக்' என்று சத்தம் கேட்டது. வாசலில் நின்ற தண்ணீர் மெல்லப் பின்வாங்கியது. கடைக்குள் ஒரு சொட்டு வரவில்லை.

"உள்ள வாங்க அண்ணி!" என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

செருப்புப் போட்டுப் பார்க்கிற ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

"பயந்துட்டேன் தம்பி. கணக்கெல்லாம் சரிதான். ஆனா பெஞ்சுலயும் சரின்னுதானே நினைச்சேன்?"

"அவ்வளவு பயத்தை வச்சுக்கிட்டு ஏன் நம்ம கடையில கை வச்சீங்க?"

இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்தார். "தப்பாப் போச்சுன்னா, அந்தத் தண்ணி அடுத்தவங்க கடையிலயா போகணும்?"

அவர் அளவுக்கு ஒரு ஜோடி எடுத்து வந்து, கீழே உட்கார்ந்து, நனைந்த செருப்பைக் கழற்றி நானே போட்டுவிட்டேன். வாசலில் எதிர்க்கடைக்காரர் குடையோடு நின்றார்.

"மேடம், எங்க திண்டை எப்ப உடைப்பீங்க?"