பஸ் கிளம்புவதற்குள் சேவ் ஆகணும்

வெப் அப்ளிகேஷன் செய்து தருகிற தொழிலில், ஒழுங்காக ஓடுகிற பக்கத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. சேவ் ஆகாமல் ஸ்க்ரீனில் சுற்றிக்கொண்டே இருக்கிற வட்டத்தைத்தான் ஊரே கூடி நின்று வேடிக்கை பார்க்கும். அந்த வட்டத்தைக் கையைப் பிசைந்துகொண்டு பார்த்தவர்கள் எல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். ரேவதி அக்கா முதலாளி. நான் செய்கிறவள். நான் செய்ததில் ஓட்டை கண்டுபிடிக்கிறவன் சேகர். அவ்வளவுதான் ஆள்பலம். ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் படித்த எனக்கு, மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டு வந்து இந்த வேலை பார்க்க முடிகிறதே என்று தினமும் சந்தோஷம்தான்.

டீ ஆறுவதற்குள்

முன்பெல்லாம் எல்லாவற்றையும் கையாலேயே எழுதுவோம். ஸ்க்ரீனில் புதிதாக ஒரு கட்டம் கேட்டால், ஸ்க்ரீனில் மாற்ற வேண்டும், சர்வரில் மாற்ற வேண்டும், தகவல் போய்த் தங்குகிற இடத்திலும் மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தால் மற்றதெல்லாம் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் ரேவதி அக்கா ஒரு புது டூலைக் கொண்டு வந்தார். கட்டத்தை இழுத்து வைத்து, இது இன்னதுக்கு என்று சொன்னால் போதும், மிச்சத்தை அதுவே எழுதிக்கொள்ளும். அதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும்.

திருக்கோவிலூர் ரைஸ் மில்காரர் ஒருநாள் ஆபீஸுக்கு வந்து, நெல் வரவு ஸ்க்ரீனில் வண்டி நம்பருக்கும் ஒரு இடம் வேண்டும் என்றார். சேகர் அவருக்கு டீ வாங்கி வந்தான். அது ஆறுவதற்குள் கட்டத்தைச் சேர்த்துக் காட்டிவிட்டேன். பாராட்டப் போகிறார் என்று பார்த்தால், டம்ளரை வைத்துவிட்டு முறைத்தார். "இன்னாம்மா, இவ்ளோதான் வேலையா? போன வாட்டி இதே மாதிரி ஒரு கட்டத்துக்கு வாரக்கணக்குல இழுத்துக்கினு இருந்தீங்களே, அப்போ இன்னா பண்ணீங்க?"

மேளம் ஒன்றுதான் பாக்கி

கல்வராயன் மலையில் சாமை, தினை வாங்குகிற உழவர் சங்கம் ஒன்று, யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று போனிலேயே பதிய ஒரு ஆப் வேண்டும் என்று எங்களைத் தேடி வந்தது. முதலில் ஒரு கொள்முதல் மையத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். சரியாக வந்தால் எல்லா மையமும் எங்களுக்கு, வராவிட்டால் சென்னைக் கம்பெனிக்கு. ரேவதி அக்கா மூடி மறைக்கவில்லை. இது கைவிட்டுப் போனால் ஆபீஸை நடத்த முடியாது என்றார். எனக்கு அப்புறம் சென்னைதான். நாலு வயசு யாழினியை மாமியாரிடம் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அம்மாவாக வந்து போவதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

பயத்தில் என்ன செய்தேன் தெரியுமா? இருக்கிறதையெல்லாம் வைத்தேன். இழுத்து வைப்பதுதான் சுலபமாயிற்றே. மலை மேப், எந்த ஊர் எவ்வளவு என்று காட்டுகிற வட்டப் படம், விற்பவரின் போட்டோ, அவர் போனுக்கு ஓ.டி.பி. என்று ஸ்க்ரீன் கல்யாண வீட்டு இலை மாதிரி நிறைந்துவிட்டது. சங்கத்துச் செயலாளருக்குப் பார்த்ததும் வாயெல்லாம் பல். சேகர் மட்டும் என் காதோரம் குனிந்து சொன்னான்: "எல்லாத்தையும் வச்சிட்டீங்கக்கா. மேளம் ஒண்ணுதான் பாக்கி."

வீட்டில் தொங்குகிற போன்

வெள்ளிமலைக்கு மேலே உள்ள அந்த மையத்துக்கு நானும் சேகரும் சந்தை நாளன்று போனோம். மையத்தைப் பார்த்துக்கொள்கிற பூங்கொடிக்குச் சட்டென்று எல்லாம் பிடிபட்டுவிட்டது. முதல் ஆளாக ஒரு பெரியவர் சாமை மூட்டையோடு வந்தார். பூங்கொடி போனில் பேரைத் தட்டினாள், எடையைத் தட்டினாள். ஓ.டி.பி. கேட்டது.

பெரியவர் கையை விரித்தார். அவர் ஊருக்கு ஒரே ஒரு திசையிலிருந்துதான் டவர் கிடைக்குமாம். அவர் வீட்டு வாசலில் அந்தத் திசை பார்த்து ஒரு குச்சியில் போனைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாராம். நான் ஓ.டி.பி. எதற்கு என்று பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நானே இங்க நிக்கிறேன். எம்பேரை நானே சொல்றேன். அதை எதுக்கும்மா வூட்ல தொங்குற போனாண்ட கேக்கறீங்க?"

ஒண்ணா வந்தவங்க

மூட்டை மேலேயே உட்கார்ந்து லேப்டாப்பில் ஓ.டி.பி.யை எடுத்துவிட்டேன். அடுத்த வில்லங்கம் அதற்கப்புறம்தான். அங்கே ஒரு ஊர்க்காரர்கள் ஒரே பஸ்ஸில் வருவார்கள், மூட்டைகளை ஊர்வாரியாக அடுக்குவார்கள், கடைசி மூட்டை எடை போடும்வரை ஒருத்தரும் நகர மாட்டார்கள். திரும்பவும் அதே பஸ்தான். என் ஸ்க்ரீனோ ஒருத்தர் பேரைப் போட்டு, சேவ் ஆகி, வட்டம் சுற்றி ஓய்ந்த பிறகுதான் அடுத்தவரைக் கூப்பிடும்.

டிரைவர் ஹாரன் அடித்தார். வட்டம் சுற்றியது. மறுபடி அடித்தார். வட்டமும் மறுபடி சுற்றியது. செயலாளர் முகத்தில் பல் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த சந்தைக்கும் இதே கதி என்றால் சென்னைக்காரர்களைக் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டார். பூங்கொடி போனை அணைத்துவிட்டு, பழையபடி வாயால் கூப்பிட்டு எடையை முடித்தாள். போகும்போது என் தோளைத் தட்டினாள். "எங்க ஆளுங்க ஒண்ணா வந்து ஒண்ணா போறவங்க. உங்க பொட்டி மட்டும்தான் ஒத்தொத்தரா வரச் சொல்லுது."

எடுத்துப் போடுகிற கை

மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு அந்தப் பேச்சுதான் காதில். மறுநாள் காலையில் உட்கார்ந்தேன். ஊரை ஒரு தடவை தொட்டால் அந்த ஊர்க்காரர் பேரெல்லாம் வரிசையாக வந்து நிற்க வேண்டும், எதிரே எடையை மட்டும் தட்டினால் போதும், எல்லாம் முடிந்த பிறகு ஒரே சேவ். டவர் இல்லையா, போனுக்குள்ளேயே இருந்துவிட்டு, கிடைத்ததும் தானே போய்ச் சேரட்டும். இதற்கெல்லாம் அந்த டூலில் ஏற்கெனவே வழி இருந்தது. கையால் எழுதுகிற காலமாக இருந்தால் சாமை அறுவடையே முடிந்து போயிருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டேன். மேப்பையும் வட்டப் படத்தையும் செயலாளர் மட்டும் பார்க்கிற ஸ்க்ரீனுக்கு அனுப்பினேன். போட்டோவைத் தூக்கிவிட்டேன்.

ரேவதி அக்கா அந்த மொட்டை ஸ்க்ரீனை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "இழுத்து வைக்கிறதுல நீ கெட்டிக்காரின்னு தெரியும். எடுத்துப் போடவும் உனக்குக் கை வரும்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்."

கண்டக்டரின் பஜ்ஜி

அடுத்த சந்தை. பூங்கொடி என்னைப் போன் பக்கமே விடவில்லை. ஊரைத் தொட்டாள், மூட்டை ஏற ஏற எடையைத் தட்டினாள், எதிரே நின்ற ஊர்க்காரர்களோடு கேலியும் பேசினாள், கடைசியில் ஒரு சேவ். வட்டம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் சேகர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அவன் ஆ என்றபோதுதான் தெரிந்தது. செயலாளர் எங்கள் பக்கத்தில் வந்து நின்று, அடுத்து நாங்கள் போக வேண்டிய மற்ற மையங்களின் பேரைச் சொல்ல ஆரம்பித்தார்.

ஊர்க்காரர்கள் அதற்குள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் கண்டக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் எதிர்க் கடையிலிருந்து வாயில் பஜ்ஜியோடு ஓடி வந்து என்னிடம் நியாயம் கேட்டார். "உங்க பொட்டி இருக்குதுன்னு நம்பித்தானே நிதானமா பஜ்ஜி சொன்னேன். இப்பிடி டக்குனு முடிச்சா, நாங்க எப்பத்தான்மா துன்றது?"

மொத்தத்தில், ஆபீஸ் நிறைய ஆள் வைத்துச் செய்கிற வேலையை ஒரு டூல் செய்துவிடுகிறது, அதில் நான் ஆசைப்பட்டு வைத்ததையெல்லாம் நானே எடுத்துப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம், அந்தப் புண்ணியத்தில்தான் சாயங்காலம் யாழினியைப் பால்வாடியிலிருந்து நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.